கந்தஹார் சாலையில் 23 பேர்: ‘தி பாயின்ட் மென்’ படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியப் படம் என்றால் என் நண்பர்கள் வட்டத்தில் கேள்வி நேராக என்னிடம்தான் வரும். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் “இது நிஜமா?” என்கிறார்கள். பார்க்காதவர்கள் “சண்டை நன்றாக இருக்குமா?” என்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி விரல் தேய்ந்ததால் மொத்தமாக எழுதிவிட்டேன். நிஜச் சம்பவத்தைப் பேசும்போது படத்தின் முடிவும் வெளியே வந்துவிடும். அது வேண்டாதவர்கள் முதல் மூன்று பதில்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதை என்ன?

ஆப்கானிஸ்தானில் பேருந்தில் போய்க்கொண்டிருந்த 23 கொரியர்களைத் தாலிபான்கள் பிடித்துவிடுகிறார்கள். மீட்டுவர சியோலிலிருந்து வெளியுறவு அமைச்சக அதிகாரி ஜங் ஜே-ஹோ போகிறார். நடித்திருப்பவர் ஹ்வாங் ஜங்-மின். அந்தப் பக்கமெல்லாம் ஏற்கெனவே அலைந்து பழகிய உளவுத்துறை ஆள் பார்க் டே-சிக், அதாவது ஹியூன் பின், அவரோடு சேர்கிறார். அதிகாரிக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். உளவாளிக்கு யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்பதுதான் முக்கியம். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் காசிம். ஆப்கன் மொழியான பாஷ்தோ பேசத் தெரிந்த கொரியன். காங் கி-யங் நடித்திருக்கிறார்.

எப்போது வந்தது? யார் எடுத்தது? தலைப்புக்கு என்ன அர்த்தம்?

2023 ஜனவரி 18, சந்திரப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டிக் கொரியாவில் வெளியானது. இயக்குநர் இம் சூன்-ரே. ஒலிம்பிக் போன பெண்கள் ஹேண்ட்பால் அணியைப் பற்றி 2008-ல் ஒரு படம், நகரத்தை விட்டு ஊருக்குத் திரும்பிச் சமைத்துச் சாப்பிடும் பெண்ணைப் பற்றி 2018-ல் ஒரு படம் என்று போய்க்கொண்டிருந்தவர். அவர் கையில் துப்பாக்கி, ஹெலிகாப்டர், பாலைவனம் எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன வரும்? சண்டைக் காட்சிகளை விட அதற்கு முந்தைய காத்திருப்பு நன்றாக வந்திருக்கிறது. என் கணக்கில் படத்தின் பலமும் பலவீனமும் அதுதான்.

கொரிய மொழியில் தலைப்பு வெறுமனே ‘பேச்சுவார்த்தை’. ஆங்கிலத் தலைப்பு, ரோந்துப் படையில் எல்லோருக்கும் முன்னால் நடந்து முதல் குண்டை வாங்கக்கூடிய ஆளைக் குறிப்பது. கொரியத் தலைப்பு நேர்மையானது. ஆங்கிலத் தலைப்பு டிக்கெட் விற்பது.

சண்டை இருக்கிறதா?

இருக்கிறது. ஹியூன் பின் பைக்கில் துரத்தும் காட்சி ஒன்று உண்டு, துப்பாக்கிச் சூடும் உண்டு. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு சண்டை எதிர்பார்த்து உட்காராதீர்கள். படத்தில் அதிகம் வெடிப்பது தொலைபேசி.

உண்மைக் கதையா?

ஆமாம், சம்பவம் உண்மை. ஆட்கள் கற்பனை.

2007 ஜூலை 19. காபூலிலிருந்து கந்தஹாருக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்தை கஸ்னி மாகாணத்தில் தாலிபான்கள் மறித்தார்கள். உள்ளே 23 கொரியர்கள், 16 பெண்கள், 7 ஆண்கள். சியோலை ஒட்டிய புன்டாங்கில் உள்ள சேம்முல் தேவாலயத்திலிருந்து சேவைப் பணிக்கென்று போனவர்கள். கந்தஹார் என்றதும் நமக்கு 1999 டிசம்பர் இறுதியில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் நின்ற ஓடுதளம்தான் நினைவுக்கு வரும். இவர்கள் அந்த ஊர் வரை போய்ச் சேரவே இல்லை.

தாலிபான்கள் இரண்டு கேட்டார்கள். ஆப்கானிஸ்தானில் இருக்கும் கொரியப் படை வெளியேற வேண்டும், சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை விட வேண்டும். முதலாவது சியோல் கையில் இருந்தது. அங்கே இருந்தது சுமார் 200 பேர், பெரும்பாலும் மருத்துவப் பிரிவும் பொறியியல் பிரிவும். ஆண்டு முடிவில் அவர்களைத் திரும்ப அழைப்பதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இரண்டாவது கோரிக்கை காபூல் கையில் இருந்தது, முடிச்சு விழுந்ததும் அங்கேதான். அதே ஆண்டு மார்ச்சில் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளருக்காக ஐந்து தாலிபான்களை ஆப்கன் அதிபர் கர்சாயின் அரசு விட்டிருந்தது. அதற்கு உள்ளூரிலும் வெளியிலும் வாங்கிக்கட்டிக்கொண்டு, இனி ஒருபோதும் இல்லை என்று அறிவித்திருந்தது. நான்கே மாதத்தில் 23 கொரியர்கள்.

கெடு வைப்பதும் தள்ளிப்போடுவதுமாக நாட்கள் போயின. ஜூலை 25-ல் குழுவை வழிநடத்திச் சென்ற போதகரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று அவருக்குப் பிறந்தநாள். மாத முடிவில் 29 வயது இளைஞர் ஒருவரைக் கொன்றார்கள். ஆகஸ்ட் 10-ல் கஸ்னியில் ஆப்கன் செம்பிறைச் சங்க அலுவலகத்தில் கொரிய அதிகாரிகளும் தாலிபான் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி இரண்டு பெண்கள் விடுதலையானார்கள். பழங்குடி மூத்தவர் ஒருவர் அவர்களை ஒரு கரோலா காரில் கொண்டுவந்து, சாலையோரம் காத்திருந்த செஞ்சிலுவைச் சங்க வண்டியில் ஏற்றிவிட்டார். இருவரும் அழுதுகொண்டே வண்டி மாறினார்கள். 28-ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டு, அடுத்த இரண்டு நாட்களில் மீதி 19 பேரும் வந்தார்கள். ஆக 23-ல் 21.

எச்சரிக்கையை மீறித்தானே போனார்கள்? கொரியாவில் மக்கள் கோபப்பட்டார்களாமே?

கடுமையாகக் கோபப்பட்டார்கள். அதற்கு ஒரு புகைப்படமும் காரணம். புறப்படும் முன் இஞ்சியோன் விமான நிலையத்தில் குழுவினர் எடுத்துக்கொண்ட படம். சிரித்த முகங்கள், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டும் கைகள். அவர்கள் நிற்பது எதன் பக்கத்தில் தெரியுமா? ஆப்கானிஸ்தானுக்குப் போவதைத் தவிருங்கள் என்று வெளியுறவு அமைச்சகம் வைத்திருந்த அறிவிப்புப் பலகையின் பக்கத்தில். கடத்தல் செய்தியோடு அந்தப் படமும் நாடு முழுக்கப் பரவியது. ‘சொல்லியும் கேட்காமல் போனவர்களுக்கு எங்கள் வரிப்பணமா’ என்ற கேள்வி, பிணைக்கைதிகள் உயிரோடு இருக்கும்போதே எழுந்துவிட்டது. செலவைத் தேவாலயத்திடம் வசூலிப்போம் என்று அரசே சொல்லும் நிலை வந்தது.

செப்டம்பர் 2-ஆம் தேதி 19 பேர் இஞ்சியோனில் இறங்கினார்கள். கேமராக்களுக்கு முன் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார்கள். ஆறு வாரம் சாவோடு இருந்துவிட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போகும் முன் நாட்டிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். எனக்கு இந்தச் சம்பவத்தில் இன்றும் உறுத்துவது இந்தக் காட்சிதான். அவர்கள் செய்தது தவறில்லை என்று சொல்ல வரவில்லை. ஆப்கானிஸ்தான் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இவர்கள் பிடிபட்டதற்கு முதல் நாள்தான் பக்கத்து மாகாணத்தில் இரண்டு ஜெர்மானியப் பொறியாளர்களைக் கடத்தியிருந்தார்கள். ஆனாலும் ஓர் அரசுக்கு ‘இவன் புத்திசாலி, இவனை மீட்போம், இவன் முட்டாள், விட்டுவிடுவோம்’ என்று பிரித்துப் பார்க்க உரிமை உண்டா? ஜே-ஹோவை உள்ளே அனுப்பிப் படம் கேட்பது இதைத்தான். நல்ல வேளையாக அதற்கு வசனமாகப் பதில் சொல்லி வைக்கவில்லை.

பிணைக்கைதிகள் இன்னும் தாலிபான் பிடியில் இருக்கும்போதே, 2007 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தான், இராக், சோமாலியா மூன்றையும் கொரிய அரசு தடைசெய்யப்பட்ட நாடுகளாக்கியது. அனுமதியில்லாமல் போனால் குற்றம். அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது.

கமாண்டோக்களை அனுப்பி அள்ளிக்கொண்டு வந்திருக்கலாமே?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. சினிமா நம்மை அப்படிப் பழக்கிவிட்டது.

பிணைக்கைதிகளைத் தாலிபான்கள் ஓரிடத்தில் வைத்திருக்கவில்லை. சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு இடங்களில் அடைத்து, அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வீட்டில் புகுந்து நான்கு பேரை மீட்டால், அந்தச் செய்தி போய்ச் சேரும் நேரத்தில் மற்ற வீடுகளில் இருப்பவர்களின் கதை முடிந்துவிடும். அதனால்தான் ராணுவ நடவடிக்கை வேண்டவே வேண்டாம் என்று சியோல் ஆப்கன், அமெரிக்கத் தரப்புகளிடம் மன்றாடிக்கொண்டிருந்தது.

கொரியாவால் அள்ளிக்கொண்டு வர முடியாது என்பதில்லை. 2011 ஜனவரி 15-ல் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் ‘சம்ஹோ ஜுவல்ரி’ என்ற ரசாயனக் கப்பலை அரபிக்கடலில் பிடித்தார்கள். 21 மாலுமிகள்: 8 கொரியர், 11 மியான்மர்க்காரர், 2 இந்தோனேசியர். கொரியப் போர்க்கப்பல் ‘சோய் யங்’ பின்னாலேயே போனது. 18-ஆம் தேதி செய்த முதல் முயற்சியில் மூன்று வீரர்கள் காயப்பட்டார்கள். 21-ஆம் தேதி விடியற்காலையில் கடற்படைச் சிறப்புப் படை கப்பலில் ஏறியது. எட்டுக் கொள்ளையர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் பிடிபட்டு புசானில் விசாரணையைச் சந்தித்தார்கள். மாலுமிகள் 21 பேரும் பிழைத்தார்கள். பலத்த குண்டுக் காயம் பட்ட கேப்டனும் நீண்ட சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடந்தார். ‘ஏடன் வளைகுடாவின் விடியல்’ என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர்.

வித்தியாசம் புரிகிறதா? அங்கே எல்லோரும் ஒரே கப்பலில். சுற்றிலும் கடல். கையில் சொந்தப் போர்க்கப்பல். கஸ்னியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பேசுவதைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத நிலையைப் பற்றிய படம் இது.

படத்தில் எது எது கற்பனை?

தனி ஒரு அதிகாரி தோளில் சுமந்த கதையாக நிஜத்தில் நடக்கவில்லை. வெளியுறவு அமைச்சகம், அதிபர் மாளிகையின் சிறப்புத் தூதர், உளவுத்துறை, ஆப்கன் எம்.பி.க்கள், பழங்குடி மூத்தவர்கள், செஞ்சிலுவைச் சங்கம் என்று ஏகப்பட்ட கைகள். கடைசிக் கட்டத்தில் இந்தோனேசிய அதிகாரிகளும் உடன் இருந்தார்கள். படத்தில் ஜே-ஹோ தாலிபான் இருக்கும் இடத்துக்கே போய் உட்காருகிறார். நிஜத்தில் தாலிபான் பிரதிநிதிகள்தான் பத்திரமாகத் திரும்பலாம் என்ற உத்தரவாதத்தோடு கஸ்னி நகருக்குள் வந்தார்கள். சினிமாவுக்குக் குகை வேண்டும். அலுவலக நாற்காலியும் தேநீர்க் கோப்பையும் போதாது.

ஹியூன் பின் பாத்திரத்துக்கு இராக்கில் ஒரு பிணைக்கைதியைக் காப்பாற்ற முடியாமல் போன பழைய காயம் இருக்கிறது. இது வெறும் திரைக்கதைச் சரக்கு இல்லை. 2004 ஜூனில் இராக்கில் கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கடத்தி, படையை அனுப்பாதே என்று கொரியாவை மிரட்டி, அரசு மறுத்ததும் அவரைக் கொன்றார்கள். அவர் கெஞ்சிய வீடியோ கொரியர்கள் மறக்க விரும்பி மறக்க முடியாத ஒன்று. 2007-ல் அரசு தாலிபானோடு நேரடியாகப் பேசத் துணிந்ததற்குப் பின்னால் அந்த முகமும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஒரு வேடிக்கையும் உண்டு. படத்தில் உளவுத்துறை ஆள் தாடியும் அழுக்குமாக நிழலில் திரிகிறார். நிஜத்தில் அப்போதைய உளவுத்துறைத் தலைவர் கிம் மான்-போக் தானே காபூலுக்குப் போய்ப் பத்திரிகையாளர்கள் முன் தோன்றினார். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட அவருடைய ஆள். ‘சன்கிளாஸ் மனிதர்’ என்றே ஊடகங்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டன. உளவாளி போட்டோவுக்கு நிற்பதா என்று திட்டு விழுந்தது. இதைப் படத்தில் வைத்திருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

பணம் கொடுத்தார்களா?

கைமாறியதாகச் செய்திகள் வந்தன. இல்லை என்று சியோல் மறுத்தது. வெளியே அறிவித்த நிபந்தனைகள் இரண்டு: ஆண்டு முடிவுக்குள் படை வாபஸ், ஆப்கானிஸ்தானில் கொரிய மதப் பிரசாரத்துக்குத் தடை.

படத்தில் எந்தக் காட்சி உங்களுக்குப் பிடித்தது?

காசிம் வாயைத் திறக்கும் எல்லாக் காட்சிகளும். சிரிப்பு மூட்டத்தான் அவனை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் தோன்றும். போகப் போகத் தெரியும், பேரமே அவன் நாக்கில்தான் நடக்கிறது.

ஜே-ஹோ கொரிய மொழியில் ஒரு வாக்கியம் சொல்கிறார். காசிம் அதை பாஷ்தோவில் சொல்ல வேண்டும். இடையில் ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்தில் ஜே-ஹோ எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார், எதிரில் இருப்பவர் காசிமைப் பார்க்கிறார், காசிம் தரையைப் பார்க்கிறான். சொன்னதை அப்படியே சொன்னால் துப்பாக்கி நீளுமோ? கொஞ்சம் மெத்தென்று சொன்னால் பேரம் கெடுமோ? பதில் பாஷ்தோவில் வருகிறது. நமக்கும் புரியாது, ஜே-ஹோவுக்கும் புரியாது. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து இரண்டு பேரும் ஊகிக்கிறோம். இரு தரப்பும் ஒரே மொழி பேசியிருந்தால் இந்தப் படமே இல்லை.

மேலே சொன்ன இத்தாலியப் பத்திரிகையாளரை இங்கே மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் உயிரோடு ஊர் திரும்பினார். அவரோடு பிடிபட்ட ஆப்கன் ஓட்டுநரையும் மொழிபெயர்ப்பாளரையும் கழுத்தறுத்துக் கொன்றார்கள். காசிம் தரையைப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

பிடிக்காதது?

பிணைக்கைதிகள். படத்தில் அவர்கள் அழுகிறார்கள், நடுங்குகிறார்கள், எண்ணிக்கையாக இருக்கிறார்கள். ஒருவர் முகமும் மனதில் நிற்காது. நிஜத்தில், ஆகஸ்ட் 13-ல் விடுதலையாகும் வாய்ப்பு வந்தபோது ஒரு பெண் தன் இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தார் என்று பிறகு செய்தி வந்தது. ஒரு முழுப் படத்துக்கான பாத்திரம்! தாலிபான்களும் அப்படித்தான், தாடி வைத்த மிரட்டல். பேரம் பேசும் தலைவனுக்கு மட்டும் கொஞ்சம் கனம் இருக்கிறது.

உண்மையிலேயே ஆப்கானிஸ்தானில் எடுத்தார்களா?

இல்லை, ஜோர்டானில். 2020-ல் கொரோனா நாடுகளின் கதவையெல்லாம் அடைத்திருந்த நேரம். சிறப்பு அனுமதி வாங்கிப் படக்குழு உள்ளே போனது. வெளிநாட்டில் படப்பிடிப்பு எல்லோருக்கும் கனவாக இருந்தபோது எடுத்தது என்று தெரிந்து பார்த்தால், அகலமான அந்த மணல்வெளிக் காட்சிகளுக்குத் தனி மரியாதை வரும்.

ஓடியதா?

சுமாருக்கும் கீழே. கொரியாவில் சுமார் 17 லட்சம் பேர் தியேட்டரில் பார்த்தார்கள். அந்தச் செலவுக்கு அது காணாது. 2007-ன் கோபம் அங்கே இன்னும் ஆறவில்லை. ‘அவர்களுக்கு ஒரு படம் வேறா’ என்று வெளியாகும் முன்பே முணுமுணுப்பு இருந்தது.

ஹ்வாங் ஜங்-மின் கடத்தப்படுவாரே, அந்தப் படமா? ஹியூன் பின் வில்லனாக வருவாரே, அதுவா?

இரண்டும் இல்லை. முதலாவது 2021-ல் வந்தது. ஹ்வாங் ஜங்-மின், ஹ்வாங் ஜங்-மினாகவே நடித்துக் கடத்தப்படுவார். இரண்டாவது 2018-ன் ‘தி நெகோஷியேஷன்’. அதில் தாய்லாந்தில் கொரியர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசுபவரே ஹியூன் பின். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஐந்தாண்டில் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

இதே மாதிரி இன்னொன்று சொல்லுங்கள்.

‘ரான்சம்ட்’. 2023 ஆகஸ்டில் வந்தது. இயக்கம் கிம் சியோங்-ஹுன், நடிப்பு ஹா ஜங்-வூ, ஜூ ஜி-ஹூன். 1986 ஜனவரியில் பெய்ரூட்டில் கொரியத் தூதரக அதிகாரி ஒருவர் கடத்தப்பட்டு, ஒன்றே முக்கால் ஆண்டு கழித்து விடுதலையானார். அதை வைத்துப் பின்னிய கதை. பெய்ரூட்டாகத் தெரிவது மொராக்கோ. பெட்டியில் பணத்தோடு போகும் அதிகாரியும், அந்த ஊரில் டாக்சி ஓட்டும் கொரியனும் கூட்டு. விறுவிறுப்புத்தான் வேண்டும் என்றால் இதைவிட அதுவே மேல் என்பேன். கார் துரத்தல் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் தேநீர் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

‘எஸ்கேப் ஃப்ரம் மொகாடிஷு’வை இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அது பிணைக்கைதிப் படம் அல்ல. 1991-ல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்தபோது வட, தென் கொரியத் தூதரகத்தார் சேர்ந்து தப்பிய கதை. ஆனால் மூன்றில் சிறந்தது அதுதான்.

ஹியூன் பின்னுக்காக மட்டும் பார்க்கலாமா?

‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ தொடரில் பாராகிளைடரில் வந்து விழும் பெண்ணைக் காப்பாற்றும் வட கொரிய கேப்டனை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம். காதல் துளியும் இல்லை. தாடி உண்டு.

டப்பிங்கில் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். டப்பிங்கில் கொரியர், ஆப்கானியர், காசிம் எல்லோரும் ஒரே மொழியில் பேசினால் மொழிபெயர்ப்பாளன் எதற்கு உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியாது. மூல ஒலியோடு, சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். பாஷ்தோ பேசும் இடங்களில் எழுத்தைப் படிப்பதற்கு முன் ஒரு நொடி காசிமின் முகத்தைப் பார்த்துவிடுங்கள். அவனுக்கு அது முன்பே புரிந்துவிட்டிருக்கும்.